பாதியில் திருப்ப வேண்டிய தட்டு

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று பத்து மணிக்கு யோசிக்கிறவர்களுக்கு. உங்கள் வீட்டுச் சமையல்கட்டிலும் இப்போது ஒரு மைக்ரோவேவ் உட்கார்ந்திருக்கும். நேற்றுக் குழம்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அதற்குள் தள்ளி, ஒரு நிமிடம் என்று அழுத்திவிட்டு, மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு போய் போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள் நம் பிள்ளைகள். ஓரம் நாக்கைப் பொசுக்கும். நடுவில் விரல் வைத்தால் ஜில்லென்று இருக்கும். "மூடி வைப்பா, பாதியில எடுத்துக் கிளறி வைப்பா, எடுத்ததும் ரெண்டு நிமிஷம் அப்படியே விடுப்பா" என்று நான் நச்சரிப்பேன். "அதான் சுத்துதுல்ல" என்பான் என் மகன். சுற்றத்தான் சுற்றுகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. சுற்றாமல் நின்ற ஒரு தட்டால் என் அக்காவின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. அது அவனுக்குத் தெரியாது.

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் மைக்ரோவேவ் எங்கள் வீட்டுடையது. எனக்கு அப்போது பத்து வயது. அத்தா, அதாவது என் அப்பா, அபுதாபியில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. அந்த முறை அவர் வந்தது தை மாதத்தில். மழை ஓய்ந்து, ஊரைச் சுற்றிச் சம்பா அறுப்பு தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் புது வைக்கோல் வாசனை. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அத்தாவின் பெட்டி வாசனை. சோப்பு, அத்தர், ஆரஞ்சு பவுடர், புதுத் துணி எல்லாம் கலந்த ஒன்று. இப்போதும் சில கடைகளுக்குள் நுழையும்போது அதில் பாதி வரும். மீதிப் பாதி வருவதேயில்லை.

மெட்ராஸிலிருந்து டாக்சியின் தலையில் கட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும் தெருவே வந்து நின்றது. வெள்ளைத் தெர்மாகோலை உருவும்போது கிரீச்சென்ற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. உள்ளிருந்து வந்ததை எல்லோரும் டிவி என்றே நினைத்தார்கள். பக்கத்து வீட்டு மாமி அதன் கண்ணாடிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். அத்தா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, பொத்தானை அழுத்தினார். உள்ளே விளக்கெரிந்தது. டம்ளர் மெல்லச் சுற்றியது. சற்று நேரத்தில் தண்ணீர் கொதித்தது.

"நெருப்பக் காணோம், தண்ணி மட்டும் கொதிக்குது. எனக்கென்னமோ மனசுக்கு ஒப்பல" என்றார் குப்பி.

அத்தாவின் அக்காவை நாங்கள் குப்பி என்போம். எதிர்வீடு. எங்கள் வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு மைக்ரோவேவ் என்று பெயர் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார் அத்தா. யார் வாயிலும் நுழையவில்லை. கடைசியில் எல்லோருக்கும் அது 'பொட்டி'தான். ஊரில் கரெண்டு அப்போதெல்லாம் ஏனோதானோவென்று வரும். பொட்டிக்காக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். அது தனியாக டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். பொட்டியைப் போட்டால் கூடத்து டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும்.

முதல் வாரத்திலேயே அம்மா அழுதுவிட்டார். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் ஆறு இருந்தன. ஓரத்தில் தங்கக்கோடு ஓடும். நோன்புப் பெருநாளைக்கு மட்டும்தான் வெளியே வரும். விசேஷமான சாமானுக்குள் விசேஷமான தட்டைத்தானே வைக்க வேண்டும் என்று அம்மா அதில் ஒன்றில் வட்டிலப்பத்தை வைத்து உள்ளே தள்ளினார். தங்கக்கோடு முழுக்கப் பொறி பறந்தது. படபடவென்று நீலமாக வெட்டியது. அத்தா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கோடு இருந்த இடத்தில் கரி படிந்திருந்தது. "உலோகம் ஆகாதுன்னு சொன்னேனே" என்றார் அத்தா. "இது பீங்கான்ங்க" என்றார் அம்மா. கோட்டில் இருப்பதும் உலோகம்தான் என்பது இருவருக்குமே அப்போதுதான் உறைத்தது. மறுநாள் நான் ஒரு முழு முட்டையை ஓட்டோடு வைத்து வெடிக்கவிட்டதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டாம். கூரை வரை மஞ்சள் கரு.

பொட்டியோடு ஒரு புத்தகம் வந்தது. எல்லாவற்றையும் அதில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். பொறி பறக்கும், முட்டை வெடிக்கும், எதை மூட வேண்டும், எதைத் திருப்ப வேண்டும், எல்லாமே. ஆனால் அதன் பின்பாதி அரபியில் இருந்தது. குப்பி அதைப் பார்த்துவிட்டார்.

"அரபு எழுத்தா? அதப் போயி கால் படுற எடத்துல போட்டு வச்சிருக்கீங்களே" என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பச்சைத் துணியில் சுற்றி, பீரோவின் தலைமேல் வைத்துவிட்டார். அத்தாவுக்கு அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதன்பின், தொழுகைக்குச் செய்வதுபோல் கைகால் முகம் கழுவி உளூ செய்யாமல் அதைத் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. ஒரு அடுப்பின் கையேட்டுக்கு இவ்வளவு மரியாதை செய்த குடும்பம் வேறெங்கும் இருந்திருக்காது. அந்த மரியாதையினாலேயே அதை யாரும் படிக்கவில்லை.

அந்த லீவின் காரியமே அக்காவின் கல்யாணம்தான். அக்காவுக்கு இருபது வயது, எனக்குப் பத்து வயது மூத்தவள். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். அத்தா திரும்பிப் போவதற்குள் நிக்காஹ். தள்ளிப்போனால் அவர் மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும். அதுவரை எந்த மாப்பிள்ளை வீடும் காத்திருக்காது. மாப்பிள்ளையின் தாயார் எங்கள் ஊரில் தன் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் வந்து தங்கப்போவதாகத் தகவல் வந்தது. அவரை நாங்கள் சம்மந்தி மாமி என்போம். வந்த மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் விருந்து.

"நாலு முழுக் கோழித்தொடைய மசாலா தடவிப் பொட்டியில வேகவச்சு, அப்படியே சஹன்ல வைப்போம்" என்றார் அத்தா. சஹன் என்றால் எங்கள் பக்கத்து விருந்துமுறை. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. அத்தா பொட்டிக்கென்றே கொண்டுவந்த ஒரு பெரிய வெள்ளைக் கண்ணாடித் தட்டு இருந்தது. அதன் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீலப் பூ. அதில் நான்கு தொடைகளையும் நான்கு பக்கமாக அடுக்கி வேகவைத்து, வெந்ததும் நடுவில் நெய்ச்சோற்றைக் கொட்டினால், சஹன் தயார். நெய்ச்சோற்றை அம்மா வழக்கம்போல் விறகடுப்பில்தான் வைத்தார். பொட்டியை அவர் நம்பவில்லை.

தட்டு பெரியது. பொட்டிக்குள் வைத்தால் மூலைகளில் இடித்துக்கொண்டு சுற்றாமல் நின்றது. அத்தா அடியிலிருந்த சக்கரத்தை எடுத்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்தார்.

"அபுதாபில எங்க ரூம்ல இருக்கிற மலையாளத்துக்காரரு இப்படித்தான் செய்வாரு. பாதி நேரத்துல கதவத் தொறந்து, தட்டக் கையால அரை வட்டம் திருப்பி வச்சிடணும். அவ்வளவுதான்." என்னைப் பார்த்தார். "முள்ளு இங்க வந்ததும் நீ திருப்புறியாத்தா? துணியப் புடிச்சுக்கிட்டு செய்யணும்."

உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் அன்று யாருமில்லை. ஸ்டூலில் ஏறி, இரண்டு கையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நீலப் பூ உள்ளே, பின்மூலையில் இருந்தது. முன்பக்கத்துத் தொடைகளில் எண்ணெய் பிரிந்து சடசடக்க ஆரம்பித்தது. முள் பாதியை நெருங்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது.

நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே, சொல்லுங்கள். தெருவில் ஒரு அம்பாசடர் வந்து நின்றால் பத்து வயதில் யார் ஸ்டூலில் நிற்பார்கள்? ஓடினேன். சம்மந்தி மாமி இறங்கினார். கூடவே அவருடைய மகள், ஒரு சாக்குத் தேங்காய், இரண்டு தார் பழம். எல்லோரும் ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்து முடித்தபோது உள்ளேயிருந்து டிங்கென்று மணி அடித்தது.

அத்தா கதவைத் திறந்துகொண்டே கேட்டார். "திருப்புனியா?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான் நான் சொன்ன பொய். தட்டில் ஆவி பறந்தது, மசாலா எங்கும் சிவப்பாகப் பளபளத்தது. பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

உள்கூடத்தில் பாய் விரித்து வெள்ளைத் துணி போட்டு சஹனை வைத்தார்கள். சம்மந்தி மாமி உட்கார்ந்ததும், "எம் மருமவ எங்கூட ஒரே சஹன்ல உக்காரட்டும்" என்று அக்காவைக் கூப்பிட்டார். மாமி, அவர் மகள், குப்பி, அக்கா. நான்கு பேர். அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை. மாமி தட்டைப் பார்த்தார். நீலப் பூ குப்பியின் பக்கம் இருந்தது. "பூ இருக்கிற பக்கம் பொண்ணுக்கு வரணும்" என்று சிரித்துக்கொண்டே தட்டைப் பிடித்து அக்கா பக்கம் திருப்பி வைத்தார். எவ்வளவு பிரியமாகச் செய்தார் என்பது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். அக்கா சதையை எலும்பிலிருந்து பிய்த்தவள், ஒரு கணம் நிறுத்தினாள். எதையோ பார்த்தாள். மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெக்கப்படாம சாப்புடுத்தா" என்றார். அக்கா அதன்மேல் சோற்றைப் போட்டு மூடி, பிசைந்து, வாயில் வைத்தாள். முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு எலும்புகளைக் கொல்லைக்கு எடுத்துப்போனவள் நான்தான். மூன்று எலும்பு பழுப்பாக இருந்தது. ஒன்றின் மூட்டில் மட்டும் ரத்தம் கசிந்து சிவந்திருந்தது. பூனைக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அக்காவுக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. மன்னார்குடிக்குக் கொண்டுபோய்க் குளுகோஸ் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். "சாப்பாட்டுக் கோளாறு" என்றார் டாக்டர். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எப்படி வாங்குவார்கள்? பார்க்க வந்த மாமியின் மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரே சஹன்லதானே நாலு பேரும் சாப்பிட்டோம். மூணு பேருக்கு ஒண்ணுமில்லையே. அவங்களுக்கு மட்டும் ஏன்? முன்னாடியே ஏதாச்சும் ஒடம்புக்கு இருக்கா?"

குப்பி அக்காவை விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ணேறு. இவ்வளவு அழகான புள்ளயப் பத்து பேரு பார்த்தா என்ன ஆகும்?" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அத்தா கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். அம்மா தன் நெய்ச்சோற்றையே சந்தேகப்பட்டார். பெரியவர்கள் எல்லோரும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். பொட்டியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அது வெளிநாட்டுச் சாமான்.

மூன்றாம் நாள் மாமியின் தங்கை வந்து, பாயின் நுனியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "பொண்ணு ஒடம்பு நல்லாத் தேறட்டும். கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்னு பேசிக்கிறாங்க." தள்ளி வைப்பது என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். அத்தா கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் போய் நின்றவர், வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நான் அக்காவின் கட்டிலுக்குப் போனேன். "அக்கா, உன் பக்கத்துக் கோழி வேகலைதானே?"

அவள் கண்ணைத் திறந்தாள். "ஒனக்கெப்படித் தெரியும்?"

"எலும்பப் பாத்தேன்."

"யாருகிட்டயும் சொல்லாத. அத்தா எவ்வளவு ஆசையா வச்சாங்க. சம்மந்தி முன்னாடி நம்ம வீட்டுச் சாப்பாட்டையே குத்தம் சொன்னா, அத்தாவுக்குத் தலை குனிவாப் போயிடும்."

அத்தாவின் தலை குனியக் கூடாது என்று அக்கா பேசாமலிருந்தாள். அடி விழக் கூடாது என்று நான் பேசாமலிருந்தேன். அவளுடைய மௌனத்தில் ஒரு நியாயம் இருந்தது. என்னுடையது வெறும் கோழைத்தனம். பத்து வயதிலும் அது எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலக் காரில் மாமி பட்டுக்கோட்டைக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள். காலையிலேயே நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் தலைமேலிருந்த பச்சைத் துணிப் பொட்டலத்தை எடுத்தேன். உளூ செய்துகொண்டுதான். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அரபி எழுத்துகளை மதரஸாவில் கற்றபடி கூட்டி வாசிக்க முடிந்தது, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியவில்லை. ஆங்கிலமும் அதே கதைதான். ஆனால் படங்கள் இருந்தன. ஒரு தட்டில் கோழித் தொடைகள். தடித்த பக்கம் வெளியே, மெலிந்த பக்கம் நடுவே. தட்டில் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. பக்கத்தில் வளைந்த அம்பு. அடுத்த படத்தில் தட்டு முழுவதும் ஒரே நிறம். நான் செய்யாமல் விட்டது அந்த அம்பு.

பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த மாமியின் தங்கை வீட்டுக்கு நடந்தேன். மாமி உள்ளறையில் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். பச்சைத் துணியைப் பார்த்ததும் எழுந்து தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டார். ஏதோ ஓதுகிற கிதாபு என்று நினைத்துவிட்டார். நான் பிரித்தேன். முதல் பக்கத்தில் பொட்டியின் படம்.

"இது என்னத்தா?"

"பொட்டி புத்தகம். அரபில இருக்குன்னு குப்பி மேல வச்சுட்டாங்க."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சோப்பு அட்டையிலகூட அரபு இருக்கு. அதையும் ஓதுவாங்களா ஒங்க குப்பி?"

அந்தச் சிரிப்பு இல்லையென்றால் நான் பேசியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டு சுற்றாதது, அத்தா சொன்னது, கார் வந்தது, 'ம்' என்றது, எலும்பு சிவந்திருந்தது, அக்கா சோற்றைப் போட்டு மூடியது. சொல்லி முடிப்பதற்குள் விக்கி விக்கி அழுதேன். "அக்காவுக்கு ஒரு வியாதியும் இல்ல மாமி. நான்தான் திருப்பல."

மாமி அந்தப் படத்து அம்பின்மேல் விரலை ஓட்டினார். பிறகு கேட்டார். "பூ எந்தப் பக்கம் இருந்துச்சு, உள்ள வச்சப்ப?"

"பின்மூலையில."

"வேகாத பக்கம்."

தலையாட்டினேன்.

"திருப்ப வேண்டிய நேரத்துல நீ திருப்பல. திருப்ப வேண்டாத நேரத்துல நான் திருப்பிட்டேன்" என்றார் மாமி. அவர் கண் கலங்கியிருந்தது. என் முகத்தைத் தன் முந்தானை நுனியால் துடைத்துவிட்டு, புத்தகத்தை வெறும் கையால் எடுத்துக்கொண்டு, "வா" என்றார்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "நாலு தொடை வாங்கியாரச் சொல்லுங்க. அன்னிக்கி வச்ச மாதிரியே வைக்கணும். அதே தட்டு, அதே பொட்டி." அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கசாப்புக் கடைக்கு ஓடினார். மாமி கதவோரம் முக்காட்டோடு நின்றபடி சொல்லச் சொல்ல, அத்தா அடுக்கினார். பூ பின்மூலையில். பாதி நேரம் வந்தது. அத்தா கதவைத் திறக்கக் கை வைத்தார்.

"இன்னிக்கித் திருப்ப வேணாங்க சம்மந்தி. அப்படியே ஓடட்டும்."

மணி அடித்தது. குப்பியும் வந்து நின்றார். தட்டைப் பாயில் வைத்து, மாமி முதல் தொடையை மூட்டில் பிளந்தார். வெள்ளையாகப் பிரிந்தது. இரண்டாவது, மூன்றாவது, வெள்ளை. நான்காவது, பூப் பக்கத்தில் இருந்ததைப் பிளந்தார். மேலே மசாலா பொரிந்திருந்தது. உள்ளே எலும்போரம் சிவப்பு. பிளந்த இடத்தில் இளஞ்சிவப்பாக நீர் ஊறி வெள்ளைத் தட்டில் வடிந்தது. ஸ்டெபிலைசர் மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரே சஹன்னு நாமதான் சொல்றோம். பொட்டிக்கு இது நாலு கோழி" என்றார் மாமி. "மூணு பேரு வெந்ததத் தின்னோம். அந்தப் புள்ள வேகாதது தின்னிருக்கு. பூவ அது பக்கம் திருப்பி வச்சது நான்தான்."

அத்தா தட்டைப் பார்த்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாமியின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"புள்ளய எதுக்குப் பாக்குறீங்க? பத்து வயசுப் புள்ளகிட்ட அடுப்பக் குடுத்தது யாரு?"

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். எந்தத் தலை குனியக் கூடாது என்று அக்கா பயந்தாளோ, அது குனிந்தது. ஆனால் அதில் அவமானம் எதையும் நான் பார்க்கவில்லை. அத்தா கடைசிவரை, அவர் மௌத்தாகும்வரை, 'ஏன் பொய் சொன்னே' என்று என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்கும் நான் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மாமி அக்காவின் அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேகலன்னு தெரிஞ்சும் ஏன் தின்னே?"

"நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்க மாமி" என்றாள் அக்கா.

"எங்க மாமியார் வீட்டுல நானும் இப்படித்தான் என்னென்னமோ முழுங்கினேன்" என்றார் மாமி. "நீ அப்படி இருக்க வேணாம். எங்க வீட்டுல வேகாதது இருந்தா வேகலன்னு சொல்லு. எங்கையால செஞ்சதா இருந்தாலும் சொல்லு. அதுக்குத்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று சாயங்காலக் கார் மாமி இல்லாமலேயே போனது. மாமியும் அத்தாவும் அந்த நான்கு தொடைகளையும் கீறிவிட்டு, மூடிபோட்டு, இந்தமுறை திருப்பித் திருப்பி வைத்து, வெளியே எடுத்தபின்னும் ஐந்து நிமிடம் மூடியைத் திறக்காமல் வைத்து, மூட்டில் கத்தியை விட்டுப் பார்த்தார்கள். நீர் தெளிவாக வந்தது. நாங்கள் சாப்பிட்டோம். அக்கா கஞ்சி குடித்தாள். புத்தகம் சமையல்கட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் குடியேறியது. குறித்த தேதியில் நிக்காஹ் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பொட்டி ஆறேழு வருஷம் உழைத்தது. பிறகு ஒரு நாள் கரெண்டு போய் வந்ததில் ஸ்டெபிலைசரோடு சேர்ந்து அடங்கிவிட்டது. அம்மா அதைத் தூக்கிப்போட மனசில்லாமல் அதற்குள் மாத்திரை டப்பாக்களை வைத்துக்கொண்டார். கதவைத் திறந்தால் விளக்கு எரியும் என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்ப்பேன். பூப்போட்ட தட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டை மாற்றிக் கட்டும்போது உடைந்திருக்கும். அதை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று இப்போதும் ஆசையாக இருக்கிறது.

நம் வயதில் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் இல்லாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். போன வருஷம் பட்டுக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி படுக்கையில் இருந்தார். பல் இல்லை, பார்வை மங்கல். என்னை என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நேற்று வந்தவர்களை இன்று தெரியாது, சில நேரம் தன் மகளையே யாரென்று கேட்கிறார் என்றாள் அக்கா. மத்தியானம் அக்கா மருந்துக் கடைக்குக் கிளம்பினாள். ஃபிரிட்ஜில் கஞ்சி இருக்கிறது, சுடவைத்துக் கொடு என்றாள்.

கஞ்சியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மூடிவைத்தேன். பாதியில் நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கிளறி, கிண்ணத்தைத் திருப்பி வைத்தேன். அந்த மைக்ரோவேவ் தானாகவே சுற்றும், இருந்தாலும் திருப்பினேன். மணி அடித்தது.

"பாதியில திருப்புனியா?"

கட்டிலிலிருந்து வந்த குரல். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது வருஷமாக அந்த விஷயத்தை மாமி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு விசேஷத்தில், ஒரு கேலியில்கூட இல்லை. பெயரெல்லாம் போய்விட்ட அந்த மனதில் இது மட்டும் எங்கே இருந்ததோ. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். கரண்டியை நடுக்கஞ்சியில் விட்டு எடுத்து, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பதமான சூடு.

"திருப்புனேன் மாமி" என்றேன். "இந்தத் தடவ நெசமாவே திருப்புனேன்."

மாமி வாயைத் திறந்தார்.